ஆப்பில் ஏறும் மதிப்பெண் அடுப்படியில் தெரிகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைக்காயத்துக்குப் பிறகு மறதி, கவனச் சிதறல், மந்தம் என்று அவதிப்படுபவர்களைக் குறிவைத்து 'மூளைப் பயிற்சி' ஆப் விளம்பரங்கள் செல்போனைத் திறந்தாலே வந்து விழுகின்றன. தினமும் கால் மணி நேரம் விளையாடினால் போதும், நினைவாற்றல் திரும்பிவிடும் என்கிறார்கள். விபத்தில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூளைக்கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்பதும் இதைத்தான்: "பணம் கட்டி வாங்கிக் கொடுக்கலாமா?" மறுவாழ்வுச் சிகிச்சையில் இருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளும் (அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்கள்) உளவியலாளர்களும் சேர்ந்து எழுதும் இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்கான பதில். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

கணினிவழிப் பயிற்சி வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆளைப் பார்த்து, குறையைப் பார்த்து, சிகிச்சையாளர் ஒருவர் கூட இருந்து நடத்தினால் அது உருப்படியான கருவி. ஆளைத் தனியே உட்காரவைத்து போனைக் கையில் கொடுத்துவிட்டால், அவர் தேறுவது பெரும்பாலும் அந்த விளையாட்டில் மட்டும்தான்.

இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 'லூமோசிட்டி' ஆப்பை விற்ற லூமோஸ் லேப்ஸ் நிறுவனம், பக்கவாதத்தாலும் தலைக்காயத்தாலும் வரும் அறிதிறன் (நினைவு, கவனம், யோசிக்கும் திறன்) குறைகளைக்கூடத் தன் விளையாட்டுகள் குறைக்கும் என்று விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட, 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதற்கு முன்பே, 2010-ல் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிபிசியோடு சேர்ந்து நடத்திய அந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் இணையத்தில் பயிற்சி செய்தார்கள். பயிற்சி எடுத்த விளையாட்டில் எல்லோருக்கும் கை தேர்ந்தது. அதை ஒட்டிய வேறு சோதனை வைத்தபோது அந்தத் தேர்ச்சி அங்கே வரவில்லை. அவர்கள் காயம் இல்லாதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காயம்பட்டவர்களிடம் செய்த நல்ல ஆய்வு ஒன்று 2021-ல் 'பிரெய்ன்' என்ற மருத்துவ இதழில் வந்தது. லேசான தலைக்காயத்துக்குப் பிறகு நெடுநாளாகச் சிரமப்பட்ட 83 அமெரிக்கப் படைத்துறையினரில் ஒரு பாதியினருக்கு 'பிரெய்ன் ஹெச்கியூ' என்ற மூளைப் பயிற்சி மென்பொருள், மறு பாதியினருக்குச் சாதாரணக் கணினி விளையாட்டு. நாளுக்கு ஒரு மணி நேரம், வாரம் 5 நாள், 13 வாரம் என்பது திட்டம். அறிதிறன் சோதனைகளின் கூட்டு மதிப்பெண்ணில் பயிற்சிக் குழு தெளிவாக முன்னேறியது. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும் அது நின்றது. மற்ற அளவீடுகளில் விளையாட்டுக் குழுவைவிடக் குறிப்பிடத்தக்க முன்னிலை இல்லை. சோதனைத் தாளில் தெரியும் முன்னேற்றம் வீட்டு வேலையில் தானாக வந்து சேர்ந்துவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தலைக்காயத்துக்குப் பிந்தைய அறிதிறன் சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டி 'இன்காக்', 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. அன்றாட வேலையோடு தொடர்பில்லாத கணினிக் கவனப் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பதே அதன் நிலைப்பாடு.

விளம்பரங்களில் வரும் 'மூன்றே மாதத்தில் மாற்றம்' பற்றியும் ஒரு வார்த்தை. தலைக்காயத்துக்குப் பிறகு முதல் ஆறு மாதத்தில் மூளை தானாகவே வேகமாகத் தேறும். அதன்பிறகும் ஓராண்டு, ஈராண்டு வரை மெதுவாகத் தேறிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் எதைக் கொடுத்தாலும் அதனால்தான் சரியானது என்று தோன்றும். போதாக்குறைக்கு, ஒரே சோதனையை இரண்டு வாரம் கழித்து மறுபடி வைத்தால் பழக்கத்திலேயே மதிப்பெண் கூடும். எனவே பயிற்சி தொடங்கும் முன் ஒரே அளவீட்டை மூன்று தனித்தனி நாளில் எடுத்து, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று முதலில் பார்த்து வைப்போம். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டி வந்தால்தான் முன்னேற்றம் என்று கணக்கு.

எப்போது தொடங்கக் கூடாது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. பலத்த அடிக்குப் பிறகு நினைவு திரும்பியும் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், ஒரு குழப்ப நிலை இருக்கும். பேசுவார், சாப்பிடுவார், காலையில் யார் வந்து பார்த்தார்கள் என்று மாலையில் கேட்டால் தெரியாது. இந்த நிலையில் திரையைக் காட்டினால் எரிச்சலும் கூச்சலும்தான் மிஞ்சும். தினமும் ஒரே நேரத்தில், வயது, இடம், மாதம், ஆண்டு, காலையா மாலையா, நேற்றுப் பார்த்த முகம், நேற்றுக் காட்டிய மூன்று படங்கள் என்று 12 கேள்வி கேட்பது வெஸ்ட்மீட் அளவுகோல். தொடர்ந்து மூன்று நாள் பன்னிரண்டும் சரியாக வந்தால் அந்த நிலை முடிந்தது என்று கொள்ளலாம். லேசான அடி என்றாலும் முதல் 48 மணி நேரம் திரையை ஒதுக்குவது நல்லது. 12 முதல் 25 வயதுக்காரர்களிடம் செய்து 2021-ல் வெளியான ஆய்வில், அப்படி ஒதுக்கியவர்களுக்கு அறிகுறிகள் சீக்கிரம் அடங்கின.

கண்ணையும் மாத்திரையையும் பார்க்காமல் மூளையைக் குறை சொல்லக் கூடாது. இரட்டையாகத் தெரிகிறதா, ஒரு பக்கப் பார்வை போயிருக்கிறதா, பழைய கண்ணாடி விபத்தில் உடைந்த பிறகு புதிது போட்டாரா? வலிப்பு மாத்திரைகளில் சில மந்தத்தைக் கூட்டும். தூக்க மாத்திரையும் அப்படியே. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். தூக்கம் கெட்டவருக்கும், மனச்சோர்வு கவனிக்கப்படாமல் கிடப்பவருக்கும் முதலில் வேண்டியது அதற்கான சிகிச்சை.

இனி உட்காரும் முறை. செல்போன் திரை சின்னது. முழுத் திரையும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். மூளையின் வலப்பக்கம் அடிபட்டு, இடப்பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் விடும் குறை உள்ளவர்கள் போனில் நன்றாக விளையாடிவிடுவார்கள். தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே கிடக்கும். 22 அல்லது 24 அங்குலத் திரை வைத்து, கை நீட்டும் தூரத்தில் நேர் எதிரே உட்காரவைத்தால் குறை வெளியே வரும். திரையின் இட ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்பு டேப் ஒட்டி, ஒவ்வொரு வரியிலும் முதலில் அந்தச் சிவப்பைத் தேடிப் பிடித்துவிட்டுத் தொடங்கச் சொல்வோம். கை பலவீனமானவருக்கு மவுஸ் வேண்டாம்; நல்ல கையால் ஒரே பட்டனைத் தட்டும்படி ஸ்பேஸ் பாரில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் கை தாமதத்தை மூளையின் தாமதம் என்று கணினி எழுதிக்கொள்ளும். தவறானால் 'பொய்ங்' என்று கத்தும் சத்தத்தை அணைத்துவிடுங்கள். அந்தச் சத்தத்துக்கே எழுந்து போய்விடுபவர்கள் உண்டு.

நேரம் காலையில், சாப்பிட்டு ஓய்ந்த பிறகு. முதல் வாரம் 10 நிமிடம், 5 நிமிட ஓய்வு, மறுபடி 10 நிமிடம். தலைவலி வராமல் இருந்தால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டி 40, 45 வரை போகலாம். ஆய்வுகளில் பெரும்பாலும் வாரம் 4, 5 நாள், ஒரு மாதத்துக்கு மேல் பயிற்சி நடந்திருக்கிறது. ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் என்று மொத்தமாகச் செய்வதில் களைப்புதான் மிச்சம்.

எங்களைக் கேட்டால், ஆப்புகளின் பெரிய குறை அவை காட்டும் ஒற்றை மதிப்பெண். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துகள் வரும், 'ம' வந்தால் மட்டும் தட்ட வேண்டும் என்று ஒரு பயிற்சி. பத்து நிமிடம் முடிந்ததும் '72' என்று வரும். அந்த 72-க்குள் நான்கு வேறு வேறு ஆட்கள் ஒளிந்திருக்கலாம். முதல் மூன்று நிமிடம் பிசகாமல் தட்டி, கடைசி மூன்று நிமிடத்தில் விட்டுவிட்டவருக்குக் குறை, கவனத்தை நீட்டித்து வைப்பதில். 'ம' வராதபோதும் தட்டிக்கொண்டே இருந்தவருக்குக் குறை, கையை அடக்குவதில். இடப்பக்கம் வந்ததை மட்டும் விட்டவர் பக்கப் புறக்கணிப்பு உள்ளவர். எல்லாவற்றையும் சரியாகத் தட்டினாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடி எடுத்துக்கொண்டவருக்கு மூளையின் வேகம் குறைந்திருக்கிறது, கவனம் கெடவில்லை. நால்வருக்கும் பயிற்சி வேறு. எனவே விட்டவை எத்தனை, வீணாகத் தட்டியவை எத்தனை, எந்தப் பக்கம், எந்த நிமிடம், சராசரியாக எத்தனை நொடி என்று தனித்தனியே காட்டாத மென்பொருளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஜெர்மனியின் 'ரீஹாகாம்' போல மருத்துவமனைகளுக்காகச் செய்தவற்றில் இந்த விவரங்கள் கிடைக்கும். இலவச ஆப் என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நோட்டில் குறிக்க வேண்டும்.

கடினத்தைக் கூட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பத்துக்கு எட்டு சரியாக, இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் ஒரு படி ஏற்றலாம். பத்துக்கு ஆறுக்குக் கீழே போனால் ஒரு படி இறக்க வேண்டும். ஏற்றும்போது ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: வேகம், அல்லது எண்ணிக்கை, அல்லது கவனத்தைக் கலைக்கும் பொருள். பல ஆப்புகள் அடுத்த லெவலில் வேகத்தையும் கூட்டி, படத்தையும் மாற்றி, ஓரத்தில் கடிகாரத்தையும் ஓடவிடும். தடுமாறினால் எதனால் என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. வீட்டார் செய்யும் தவறும் உண்டு. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பொறுக்காமல் "அதாங்க, அந்தச் சிவப்பு!" என்று சொல்லிவிடுவார்கள். அன்றைய மதிப்பெண்ணில் பாதி மனைவியுடையது.

கடும் மறதி உள்ளவர்களுக்கு விதியே வேறு. தவறு செய்து, திருத்தி, அதிலிருந்து கற்பது விளையாட்டுகளின் இயல்பு. மறதிக்காரருக்குத் தவறு செய்தது நினைவிராது. ஆனால் தவறான அசைவு கையில் பதிந்துவிடும். மறுநாள் அதே தவறுதான் முதலில் வரும். அவர்களுக்குச் சரியான விடையை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து, தவறுக்கு இடமே வைக்காமல் பழக்க வேண்டும். பிரிட்டனின் பார்பரா வில்சனும் அவருடைய சகாக்களும் 1990-களில் இதை ஆராய்ந்து காட்டினார்கள்.

மொழிச் சிக்கல் தனி. ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதிக்கும் ஆப், தமிழ் மட்டும் படித்தவரின் நினைவை அளக்காது, ஆங்கிலத்தைத்தான் அளக்கும். தமிழில் மாற்றுகிறோம் என்று 'ன'வையும் 'ண'வையும் முதல் நாளே கலந்து தேடச் சொல்வதும் கொடுமை. இரண்டும் கண்ணுக்கு நெருக்கமானவை. கடைசிப் படிக்கு வைத்துக்கொள்ள வேண்டியவை. முதலில் 'ட'வும் 'ஞ'வும் போல வடிவில் விலகியவை. இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளவர் 'தலைவலி' என்பதை 'வலி' என்று மட்டும் வாசிக்கக்கூடும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் என்று அதைத் தள்ளிவிட்டால் குறை கண்ணில் படாமலே போகும். எழுத்தறியாதவருக்குப் படங்கள் போதும்; ஆனால் அந்தப் படம் பனிச்சறுக்கு வண்டியாக இருந்து என்ன பயன்?

கணினி இல்லாத வீட்டுக்கு உங்கள் நாளிதழே போதும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அகலமான ஒரு கட்டுரையில் இருபது வரியை எடுத்து, எழுத்து சிறிதாக இருந்தால் ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். எத்தனை 'ம்' இருக்கிறது என்று வீட்டார் முதலில் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பேனாவால் எல்லா 'ம்'மையும் வட்டமிடட்டும், நேரத்தைக் குறியுங்கள், தாளை நடுவில் மடித்து இடப்பாதியில் விட்டவை, வலப்பாதியில் விட்டவை என்று பிரித்து எழுதுங்கள். பத்துக்கு எட்டுக்கு மேல் தேறினால் 'ம்', 'ல்' இரண்டையும் தேட வேண்டும். அடுத்து ஒரு வரியில் 'ம்', மறு வரியில் 'ல்' என்று மாற்றி மாற்றி. அடுத்து அதே வேலை, பக்கத்தில் ரேடியோ ஓட. ஒன்றில் நிலைப்பது, பலவற்றில் ஒன்றைப் பிரிப்பது, மாறி மாறிச் செய்வது, இடைஞ்சலில் செய்வது என்று கவனத்தைப் படிப்படியாக வளர்க்கும் முறை 1980-களிலேயே அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. கணினி செய்வதும் இதே படிகளைத்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தானியங்களைக் கலந்து பிரிக்கச் சொல்லும் கவனப் பயிற்சி நெடுங்காலமாக உண்டு. துவரம்பருப்பில் உளுந்தைப் பொறுக்குவதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

திரைப் பயிற்சி வீட்டு வேலைக்கு வந்து சேர வேண்டுமானால் அதற்கென்று தனியாக உழைக்க வேண்டும். டீ போடுவதை எடுத்துக்கொள்வோம். வெளியே பார்க்க ஒரு வேலை. பிரித்தால் பத்துப் படி: பாத்திரம் எடுப்பது, தண்ணீர் அளப்பது, அடுப்புப் பற்றவைப்பது, தூள் போடுவது, பால் ஊற்றுவது, சர்க்கரை, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, அடுப்பை அணைப்பது, வடிகட்டுவது, கிளாசில் ஊற்றுவது. ஒவ்வொரு படிக்கும் நேரே தானாகச் செய்தாரா, வாய்ச்சொல்லால் நினைவூட்ட வேண்டியிருந்ததா, கையைப் பிடித்துச் செய்யவைக்க வேண்டியிருந்ததா என்று எழுதுங்கள். பலருக்கு முறிவது இரண்டே இடத்தில்: பால் பொங்கும்போது யாராவது கூப்பிட்டால் திரும்பிவிடுவது, வடிகட்டும் அவசரத்தில் அடுப்பை அணைக்க மறப்பது. அந்த இரண்டு இடத்தில்தான் பயிற்சி வேண்டும். "அடுப்பை அணைச்சேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே வடிகட்டியைத் தொட வேண்டும் என்று விதி வைத்து, அதே விதியைத் திரைப் பயிற்சியிலும் வைப்போம்: ஒன்றை முடித்ததும் 'முடிச்சேன்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவது. சில வாரம் கழித்து சத்தம் முணுமுணுப்பாகும், பிறகு மனசுக்குள் போய்விடும். முதல் சில வாரம் கேஸ் வேண்டாம், இண்டக்ஷன் அடுப்பில் செய்யட்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: மருத்துவமனைப் பயிற்சிச் சமையலறையில் நன்றாகப் போட்டவர் வீட்டில் தடுமாறலாம். வீட்டு அடுப்பில் லைட்டர் வேறு, தூள் டப்பா இருக்கும் இடம் வேறு. கடைசிச் சுற்றுப் பயிற்சி அவரவர் அடுப்படியில்தான் நடக்க வேண்டும்.

மூளை வேகம் குறைந்தவர்களுக்கு இன்னொரு உத்தி, நெதர்லாந்துக்காரர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆய்ந்து சொன்னது: வேகத்தைக் கூட்டப் பாடுபடுவதைவிட நேர நெருக்கடியை முன்கூட்டியே குறைத்துக்கொள்வது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதே கார்டையும் பையையும் சில்லறையையும் எடுத்து வைத்துக்கொள்வது, எதிராளியிடம் "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்று தயங்காமல் கேட்பது. எந்த ஆப்பும் இதைச் சொல்லித் தராது.

செல்போனைப் பற்றி இவ்வளவு குறை சொன்னாலும், மறதிக்காரருக்கு அதைவிட நல்ல துணை கிடையாது, பயிற்சிக்கூடமாக இல்லாமல் நினைவூட்டியாகப் பயன்படுத்தினால். கலிஃபோர்னியாவில் தலைக்காயம்பட்ட ஒருவரின் தந்தையான பொறியாளர், நரம்பு உளவியலாளர் ஒருவரோடு சேர்ந்து உருவாக்கிய 'நியூரோபேஜ்' என்ற பேஜர் (குறுஞ்செய்தி காட்டும் சிறு கருவி) முறையை 143 பேரிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு 2001-ல் வந்தது. சோதனையை முடித்தவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் அன்றாட வேலைகளை முன்னைவிடத் தெளிவாக நன்றாகச் செய்தார்கள். பேஜர் செய்ததை இன்று எந்தப் போனும் செய்யும்.

ஆனால் அலாரம் வைத்துவிட்டால் ஆயிற்றா? அலாரத்தை அணைத்துவிட்டு மாத்திரை இருக்கும் அலமாரிக்கு நடக்கும் பத்தடிக்குள் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துவிடும். பெரும்பாலான வீட்டில் தோல்வி இங்கேதான். போனை எப்போதும் ஏழு நாள் மாத்திரை டப்பாவின் மேலேயே வைத்தால், அலாரத்தை அணைக்கப் போகும் கை டப்பாவில்தான் போய் நிற்கும். அலாரத்தில் பாட்டு வேண்டாம். "அப்பா, ராத்திரி எட்டு மணி, வலிப்பு மாத்திரை" என்று மகள் குரலில் பதிந்து வையுங்கள். 'பிறகு நினைவூட்டு' பட்டனை நீக்கிவிடுங்கள். அடுத்து அதைப் பழக்க வேண்டும். "அலாரம் அடிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டு விடையைச் சொல்லிக் கொடுத்து, அரை நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். சரியாகச் சொன்னால் 1 நிமிடம், 2, 4, 8, 15 என்று இடைவெளியை ஏறக்குறைய இரட்டித்துப் போங்கள். தவறினால் யோசிக்கவிடாமல் உடனே விடையைச் சொல்லி, திரும்பச் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்கு இறங்குங்கள். அலாரத்தை அடிக்கவிட்டு உண்மையில் டப்பாவைத் திறக்கும்வரை செய்து பார்க்க வேண்டும். வாயால் சரியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருப்பவர்களும் உண்டு.

பயிற்சிக்குக் கொடுக்கும் போனில் வங்கிக் கணக்கோ யுபிஐ-யோ இருக்கக் கூடாது. மூளையின் முன்பகுதி அடிபட்டவர்களுக்குக் கையை அடக்கும் திறன் குறையும். இலவச ஆப்பின் நடுவே குதிக்கும் விளம்பரத்தைத் தட்டித் தட்டி பணம் வைத்து ஆடும் ஆட்டம் வரை போய்விடுவார்கள். பிறகு திட்டிப் பயனில்லை. அதேபோல ஆப் மதிப்பெண்ணைக் காட்டி பைக் சாவியைக் கேட்பவர்களிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டி ஓட்டத் தகுதி உண்டா என்பதற்குப் பார்வை, வலிப்பு, வேகம், முடிவெடுப்பது எல்லாவற்றையும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மதிப்பெண்களை நாள்தோறும் குறித்துவரும் நோட்டுக்கு நாங்கள் எதிர்பாராத ஒரு பயனும் இருக்கிறது. தேறிக்கொண்டே வந்தவரின் எண்கள் சில நாட்களில், சில வாரங்களில் படிப்படியாக இறங்கினால் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதோடு கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நடையும், அடக்க முடியாமல் சிறுநீர் போவதும் சேர்ந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். தலைவலி, ஒரு பக்கப் பலவீனம், அதிக உறக்கம் என்றால் மூளைக்கு மேல் மெதுவாக ரத்தம் கசிந்திருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, தாமதம்தான் ஆபத்து. அன்றே நரம்பியல் மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள்.

அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. உயிர் பிழைத்து வருகிறார்கள், நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டு போகிறது. கை, கால் ஆகிவிட்டது. மறதிக்கும் கவனத்துக்கும் யார்? சென்னை கே.கே.நகரின் அரசு மறுவாழ்வு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் என்று விரல்விட்டு எண்ணும் இடங்களுக்குப் புதுக்கோட்டையிலிருந்தும் தேனியிலிருந்தும் வாரம் ஐந்து நாள் போய்வர யாராலும் முடியாது. நடை நன்றாக இருந்து மறதி மட்டும் உள்ளவருக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் இழுபறிதான். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக்காயம் தனி வகையாக இல்லை.

பெரிய செலவு கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' சேவை மையங்களில் மூளைக்காயம்பட்ட பெரியவர்களுக்கென்று வாரம் சில மணி நேரம், ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், 24 அங்குலத் திரையோடு ஒரு சாதாரணக் கணினி, தமிழில் எழுதிய பயிற்சிகள் இருந்தால் தொடங்கிவிடலாம். பயிற்சிகளை எழுதித் தர எங்களைப் போன்றவர்கள் தயார். அதற்கும் முன்னால் அரசு, தனியார் என எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு கோரிக்கை: தலைக்காயத்தில் அனுமதிக்கப்பட்டவரை அனுப்பும்போது டிஸ்சார்ஜ் தாளில் மூன்று வரி சேருங்கள். குழப்ப நிலை எத்தனை நாள் இருந்தது, அனுப்பும் நாளில் கவனமும் நினைவும் எப்படி இருந்தன, ஆறு வாரம் கழித்து யாரிடம் காட்ட வேண்டும். இப்போது பல தாள்களில் 'நோயாளி நலமாக உள்ளார்' என்று மட்டும் இருக்கிறது; ஆறு மாதம் கழித்து வேலை போன பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்.

இப்படிக்கு,
மூளைக்காய மறுவாழ்வுப் பணியில் உள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள், உளவியலாளர்கள் சிலர்,
மதுரை